குளிசைக்கு நானே சொல்லிவிட்டேன், பவளம்

என் ஆசைப் பவளத்துக்கு,

இன்று காலை எங்கள் டொக்டரின் சேர்ஜரிக்கு அடுத்த மாதக் குளிசைகளுக்குச் சொல்லிவிட்டேன். நானே, என் போனில். நீர் நம்பமாட்டீர். சுபாவும் நம்பவில்லை. சட்டனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் எடுத்து, "உண்மையாவோ அப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மருந்து விஷயத்தில் உமது மனுசன் எப்படிப்பட்ட ஆள் என்று உமக்குத் தெரியும். காலைத் தேத்தண்ணியோடு நீர் உள்ளங்கையில் வைப்பதை விழுங்குவேன். எது பிரஷருக்கு, எது கொலஸ்ட்ரோலுக்கு என்று கேட்டதே இல்லை. குளிசை முடிவதற்கு ஒரு கிழமை முந்தியே நீர் மருந்துச்சீட்டின் ஓரத்துண்டில் வேண்டிய குளிசைகளுக்கு அடையாளம் போட்டு, சேர்ஜரி வாசல் பெட்டிக்குள் போட்டுவிடுவீர். டிசம்பரில் நத்தார் லீவு வருகிறதென்றால் இன்னும் முந்தி. பிறகு மருந்துக்கடைக்குப் போய் எடுத்து வருவீர். இதெல்லாம் தானாக நடக்கிற காரியம் என்றுதான் நான் இருந்தேன்.

உமது கடைசிக் காரியங்கள் முடிந்து, வந்த சனமும் போன பிறகு ஒருநாள் பார்த்தால் குளிசைப் பெட்டி வெறுமை. சேர்ஜரிக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லவில்லை. சாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன், பவளம். இந்த உடம்பை இனி ஆருக்காகப் பார்க்கிறது என்று இருந்துவிட்டேன். அவ்வளவுதான். சுபா கேட்கும்போதெல்லாம், "ஓம் பிள்ளை, போடுறன்" என்று சமாளித்தேன். தலை இடித்தது. எங்கள் ட்ராம் நிறுத்தத்தில் ஒருநாள் கண் இருண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகுதான் சேர்ஜரியிலிருந்து போன் வந்தது. அங்கே பார்மசிஸ்டாக இருக்கும் காவேரி என்ற பிள்ளை. ஆங்கிலத்தில் தொடங்கி, என் பெயரை வைத்துத் தமிழுக்கு மாறினாள். இந்தியத் தமிழ்.

"நீங்க மாத்திரை கேட்டு ரொம்ப நாளாச்சே சார். வேற எங்கயாவது வாங்குறீங்களா?"

"மறந்து போனன் பிள்ளை."

"மறந்துட்டீங்களா, இல்ல வேண்டாம்னு விட்டுட்டீங்களா?"

வெறுமையான குளிசைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"மனுசிதான் எல்லாம் செய்யிறவ," என்றேன். "அவ இப்ப இல்லை."

"இன்னைக்கே வாங்க சார். நான் இருக்கேன்."

போனேன். கையில் பட்டியைக் கட்டி பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி பார்த்துவிட்டு டொக்டரைக் கூட்டி வந்தாள். உயிரை விட நினைத்தீர்களா என்று டொக்டர் நேராகவே கேட்டார். இல்லை, ஆனால் இருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை என்றேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். இரத்தம் எடுத்தார்கள். எல்லாக் குளிசைகளையும் எடுத்த எடுப்பில் பழையபடி போடக்கூடாதாம். எதை முதலில் தொடங்குவது என்று காவேரி விளங்கப்படுத்தினாள். வெளிக்கிடும்போது, "யாருக்கு போன் பண்ணட்டும்?" என்று கேட்டாள். சுபாவின் பெயரைச் சொன்னேன்.

வேலையிலிருந்து நேரே வந்தாள். ஏசுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் உமது குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி அழுதாள். "அம்மாவுக்குத்தான் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. நீங்களுமோ அப்பா? பிறகு நான் ஆரை அப்பா எண்டு கூப்பிடுறது?"

அவள் தலையைத் தடவினேன். சின்னப்பிள்ளையில் தடவியதற்குப் பிறகு அன்றுதான்.

"இனி நானே ஓடர் பண்ணுறன்" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. எனக்குக் காட்டித் தா."

காட்டித் தந்தாள். போனில் குளிசையின் பெயருக்குப் பக்கத்தில் தொட வேண்டும், கீழே ஒரு பொத்தானை அமத்த வேண்டும். முதல் முறை அவள் பக்கத்தில் இருக்கவே எல்லாவற்றையும் தொட்டு, முழங்கால் களிம்புக்கும் சொல்லிவிட்டேன். நீர் அதை ஏன் கேட்பதே இல்லை என்று அலுமாரியைத் திறந்தபோதுதான் விளங்கியது. களிம்பு அங்கே குவிந்து கிடக்கிறது!

உமது குளிசைகளையும் அதற்குள்தான் கண்டேன். வீட்டுக் குப்பையில் போடக்கூடாதாம். மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியில் இருந்த உமது பெயரைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளாலும் வாங்கினார். நான் கொஞ்சநேரம் வெளியே பஸ் தரிப்பிடத்தில் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

மாதா மாதம் என் பெயருக்குக் கீழே அடையாளம் போடும்போது என்ன நினைத்தீர், பவளம்? ஒருநாளாவது அலுத்ததா? உமக்குத் தலை சுற்றிய நாட்களிலும் எனக்காக அந்தச் சேர்ஜரிப் பெட்டி வரை நடந்தீரா?

இப்போது பிரஷர் இறங்கி வருகிறது. சனிக்கிழமைகளில் சுபா வருகிறாள், சேர்ந்து சமைக்கிறோம். அவளுக்கு உமது கைப்பதம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆனாலும் சாப்பிடுகிறோம்.

நீர் எங்கேயாவது எனக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறீரோ, தெரியாது. இருந்தால் கொஞ்சம் பொறும். உம்மிடம் வருவேன், ஆனால் அவசரப்படமாட்டேன், சுணங்கித்தான் வருவேன். இது சத்தியம்.

என்றும் உமது மனுசன்,
சுபாவின் அப்பா