பழைய சூப்பர்வைசர் வருகிறார்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. பதினொரு மணிக்கு உங்கள் பழைய சூப்பர்வைசர் வருகிறார். நேற்று அவர் என் போனுக்குக் கூப்பிட்டபோது, "நான் இல்லைன்னு சொல்லிடு" என்று கையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பொய் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. "இருக்காரு, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் ராத்திரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் லிஃப்ட் மெக்கானிக். துணிக்கடை, ஓட்டல் என்று கண்ட இடத்துக்கெல்லாம் ஒரே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பதில் இல்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் எப்படி? உங்கள் வேலையை அறிந்தவர்களிடம் மட்டும் ஒளிகிறீர்கள். பழைய கம்பெனியை மூடியது நீங்களா, வெட்கப்பட?

அவர் சொன்னது இது: "எங்க புதுக் கம்பெனியில லிஃப்ட் ரிப்பேர் பார்க்க ஆள் தேடுறோம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேங்கிறாரேம்மா."

ஷேவ் செய்யுங்கள். பனியனோடு கதவைத் திறக்காதீர்கள். என் மேல் கோபம் இருந்தால் அவர் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு: நான் கிளம்பும்போது தூங்குவதுபோல் நடித்தீர்கள். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டது யார் என்று தெரியும்தானே?