விடுபட்ட ‘க்கு’

12 செப்டெம்பர் 1998, சனி

இராஜரட்ணம் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். பத்திரிகைக் கந்தோரில் ஆசிரியர் தியாகலிங்கம் சொன்னான். விளம்பரப் பக்கத்தை ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல்: “கஸ்பர் அண்ணை, உங்கட ஆள் வந்திட்டார். பிக்கரிங்கில மகள் வீட்டில.”

உங்கட ஆள்!

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

13 செப்டெம்பர்

கோபத்தில் எதுவும் பிசகிவிடக்கூடாது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1996இல் அரச படை எங்கள் பகுதியைப் பிடித்தது. இடம்பெயர்ந்த சனம் திரும்பி வரத் தொடங்கியது. பிடித்த இடத்தை எப்படி ஆள்வதென்று முடிவெடுக்க ஒரு பிரிகேடியரின் தலைமையில் ஏழு பேர் கூடினார்கள். ஆறு பேர் படையதிகாரிகளும் கொழும்பு அதிகாரிகளும். ஏழாமவர் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அரச கந்தோரிலிருந்து, போன இராஜரட்ணம், தமிழுக்குப் பொறுப்பு. யார் கடலுக்குப் போகலாம், யார் தோட்டத்துக்குப் போகலாம், எத்தனை மணிக்கு விளக்கணைக்க வேண்டும், எல்லாம் அந்த மேசையில்தான் தீர்ந்தது. திரும்பி வந்தவர்கள் பதிய வேண்டும் என்று தமிழில் அறிவித்தல் ஒட்டுவதும்.

என் தம்பி அகஸ்ரின் ஜூன் 17ஆம் திகதி பதியப் போனான். திரும்பி வரவில்லை. கடைசித் திகதி 15 என்றும், பிந்தி வந்தவர்கள் ‘விசாரணைக்குரியவர்கள்’ என்றும் பிறகு சொன்னார்கள். அந்தக் கிழமை அப்படிப் பிந்தினவர்கள் முப்பத்தொரு பேர். ஒருவரும் வரவில்லை.

அறிவித்தலில் கையெழுத்து வைத்தவர் இராஜரட்ணம். அவருக்கு நோகவேண்டும். ‘நீதி’ என்றெல்லாம் எழுதி என்னை நானே ஏமாற்றப் போவதில்லை.

20 செப்டெம்பர்

ரெலிபோன் எடுத்தேன். “கச்சேரியில வேலை செய்த ஆக்களைப் பற்றி எழுதுறம், ஐயா.” பொய்யில்லை.

“வாரும், வாரும். என்னட்டைப் பேப்பரெல்லாம் இருக்கு.”

இவ்வளவு லேசாகவா?

4 அக்டோபர், ஞாயிறு

பார்க்டேலிலிருந்து பிக்கரிங் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணித்தியாலம். மகள் நிலாணி ஸ்ரேசனுக்குக் காரில் வந்தாள். “அப்பா காலமையில இருந்து ரெடி, அங்கிள். சேவ் எல்லாம் எடுத்திட்டார்,” என்று சிரித்தாள். நல்ல பிள்ளை. எனக்கு அது உதவவில்லை.

மனிதருக்கு எழுபத்தொரு வயது. வீட்டுக்குள்ளும் சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் அகஸ்ரினின் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கோப்பைத் தானே கொண்டுவந்து வைத்தார். கூட்டக் குறிப்புகளின் போட்டோக் கொப்பி, திகதி வரிசையில், பச்சை நூலால் கோர்த்தபடி. “ஒரு கூட்டத்தையும் விடேல்லை, பாரும்.”

இணைப்பாக அந்த அறிவித்தல். இரண்டு வருடமாய் நான் காதால் மட்டும் கேட்டிருந்த கடதாசி. ஒரே வரி: ‘ஜூன் மாதம் 15ஆம் திகதி முதல் பதிவு செய்துகொள்ளவும்.’

‘திகதிக்கு முதல்’ அல்ல. ‘திகதி முதல்.’

‘திகதிக்கு முதல்’ என்றால் எங்கள் பேச்சில் அதற்கு முன்னம். ‘திகதி முதல்’ என்றால் அன்றிலிருந்து. வாசித்த சனம் பதினைந்துக்குப் பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் போகலாம் என்றுதான் விளங்கியிருக்கும். அகஸ்ரின் இரண்டு நாள் கழித்துப் போனான்.

“இதில ‘க்கு’ இல்லையே, ஐயா.”

அவருடைய முகம் மலர்ந்தது. “கண்டிட்டீர்! ரைப்பிஸ்ற் விட்டது. நாலாயிரம் கொப்பி அடிச்ச பிறகு நான்தான் கண்டுபிடிச்சனான். கூட்டத்திலயே எழும்பிச் சொன்னன். உந்தக் குறிப்பை வாசியும், ஏழாம் விடயம்.”

வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன்: ‘அறிவித்தலில் ஒரு சொல் எதிர்ப் பொருள் தருவதைத் திரு. இராஜரட்ணம் சுட்டிக்காட்டினார். மறைக்க ஒன்றுமில்லாதவன் முந்தியே வருவான் என்று தலைவர் கூறினார். இருக்கட்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது.’

“அதுக்குப் பிறகும் கையெழுத்து வைச்சனீங்களோ?”

“வைக்கத்தானே வேணும். ஆனா நான் சொன்னது பதிவில இருக்கல்லோ?”

“பிந்தி வந்த ஆக்கள்?”

“அது ஆமியின்ர பகுதி. எனக்குத் தமிழ் மட்டும்தான்.” கோப்பைத் தட்டினார். “ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு போம். நாளைக்கு ஆரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.”

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

5 அக்டோபர்

இடப்பெயர்வில் அகஸ்ரினின் கண்ணாடி தொலைந்துபோனது. அறிவித்தலை அவனுக்கு வாசித்துக் காட்டியவள் அவனுடைய மனைவி வேரோனிக்கா. பதினைந்திலிருந்து பதியலாம், அவசரமில்லை என்றிருக்கிறாள். அதை அவளே 96இல் எனக்கு எழுதினாள். நான் பதில் போட்டேன்: ‘திகதிக்கு முதல் என்றிருந்ததை நீர்தான் பிழையாக வாசித்திருக்கிறீர்.’ அறிவித்தலைப் பார்க்காமல். அதன் பிறகு அவளிடமிருந்து கடிதமில்லை. பிள்ளைகளோடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள்.

அவள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள்.

சரி. இனி இராஜரட்ணம்.

11 அக்டோபர்

கட்டுரையை மூன்றாவது தரம் திருத்தினேன். ‘துரோகி’ என்ற சொல்லைத் தியாகலிங்கம் தலைப்பில் போடச் சொன்னான். போடவில்லை. ஒரு வசவும் வேண்டாம். மேலே அறிவித்தல். நடுவில் ஏழாம் விடயம், அப்படியே. கீழே முப்பத்தொரு பெயர்கள், வயதோடு. கடைசி வரியில் அவருடைய வாக்கியம்: எனக்குத் தமிழ் மட்டும்தான்.

“இது ஆளைக் கொல்லும், அண்ணை,” என்றான்.

ஓம். அதுக்குத்தானே எழுதினனான்.

23 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டது. முதற்பக்கம்.

24 அக்டோபர்

இராஜரட்ணம் காலையிலேயே ரெலிபோன் எடுத்தார். திட்டப் போகிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“வடிவாப் போட்டிருக்கிறீர், கஸ்பர். நான் சுட்டிக்காட்டினது முன்பக்கத்திலயே வந்திட்டுது. ஆறு பேப்பர் அனுப்பிவிடும்.”

மனிதருக்கு விளங்கவில்லை! இரு, விளங்கும்.

வேரோனிக்காவுக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டேன். மேலே ‘முடித்துவிட்டேன்’ என்று எழுதினேன். வேறென்ன எழுத?

2 நவம்பர்

சகல ஆத்துமாக்கள் திருநாள். கோயிலில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் அகஸ்ரினை இந்த வருடமும் எழுதவில்லை. எழுதினால் அவன் செத்துவிட்டான் என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடும்.

15 நவம்பர்

மில்லிக்கனில் முதியோர் சங்கக் கூட்டம். செய்தி எடுக்கப் போனதாகச் சொன்னேன். பார்க்கத்தான் போனேன். இராஜரட்ணம் மூன்றாம் வரிசையில் இருந்தார். அந்த வரிசையில் வேறு ஒருவரும் இல்லை. ஒரு மனிசி முன்னால் வந்து நின்று, “என்ர மகன் இருபத்தாறாவது பேர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

அவர் என்னைத் தேடித் திரும்பினார். கண்டார். அப்போதுதான் விளங்கியது அவருக்கு.

அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

6 டிசெம்பர்

நிலாணி ரெலிபோன் எடுத்தாள். “அங்கிள், அப்பா வெளியில போறேல்லை. ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. ஹீ ஜஸ்ட் ட்ரான்ஸ்லேற்றட், இல்லையா? நீங்கள் ஒரு சின்னத் திருத்தம் போடலாமே?”

“என்ன பிழை இருக்கு, பிள்ளை?”

பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“உங்கட அப்பா வீட்டுக்குள்ளதானே இருக்கிறார்,” என்றேன். “வீட்டில இருக்கிறார்.”

வைத்துவிட்டாள். எனக்கு நன்றாகப் பசித்தது.

14 ஜனவரி 1999

பனி அள்ள நகரத்துக்கு ஆமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சனம் அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் இல்லை.

19 ஜனவரி, செவ்வாய்

கொழும்பு முத்திரை. முகவரி வேரோனிக்காவின் கையெழுத்து.

நன்றி சொல்லியிருப்பாள் என்று, சப்பாத்தையும் கழற்றாமல் உடைத்தேன்.

உள்ளே அவள் எழுதினது ஒன்றுமில்லை. நான் 96இல் போட்ட கடிதம் மட்டும். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செலோரேப் ஒட்டியிருந்தது. ஒட்டினதும் மஞ்சளாகி, அதற்கு மேல் புதிதாய் ஒட்டு. எத்தனை தரம் விரித்திருப்பாள்? ‘திகதிக்கு முதல்’ என்றதில் ‘க்கு’வின் கீழ் இரண்டு கோடு. அவள் போட்டதல்ல. நான் போட்டது. அடியில் திகதியும் என் கையெழுத்தும்.

கொட்டாஞ்சேனைக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே விடிந்திருக்காது. பிள்ளைதான் எடுத்தது. “அம்மா, பெரியப்பா!” என்று உள்ளே கூப்பிட்டது கேட்டது. காலடிச் சத்தம் வந்தது. கிட்ட வந்து நின்றது. மூச்சு கேட்டது.

“வேரோனிக்கா, நீர் சரியா—”

வைத்துவிட்டாள்.

திரும்ப இரண்டு தரம் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் சரியாகத்தான் வாசித்தாள். பிழை என்னுடையது. எழுதிவைக்கிறேன். பதிவில் இருக்கட்டும்.