கேதம் கேட்க யாரும் வராத மார்கழி

ருத்ரோத்காரி வருஷம், மார்கழி 6

ஊரைக் காலி செய்துவிட்டுச் சோளக்காட்டுக்கு வந்துவிட்டோம். எலி செத்து விழுந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று சர்க்கார் நோட்டீஸ். சாவடியில் ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க, கையை நீட்டி வாங்கி வாசித்தது நான். அஞ்சாம் கிளாஸ் படித்த கஸ்தூரி. சின்னமனூரிலும் எலி விழுகிறதாம். வெயில் விழட்டும் என்று ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் வீடு மொட்டைத் தலையோடு நிற்கிறது.

குடிசை கட்டியது மகன் தவசி. மெழுகியது மருமகள் ராஜாத்தி. பேத்தி மாயக்காளுக்கு எல்லாம் விளையாட்டு. பக்கத்துக் காட்டில் ஜெய்த்தூன் பீவி குடும்பம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள். அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. வரப்புத் தகராறு. பிளேக் வந்தாலும் வரப்பு வரப்புதான்.

மார்கழி 10

பிணம் தூக்குகிறவர்கள் பயந்து மலைப்பக்கம் போய்விட்டார்கள். தவசியும் அவன் சேக்காளி சுருளியாண்டியும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுக்கிறார்கள். எனக்குப் பெருமைதான். ஊரே ஒதுங்கி நிற்கும்போது என் மகன் முன்னால் நிற்கிறான்.

தூக்குமுன் ஆளுக்கு ஒரு செம்பு சாராயம் கொடுக்க வேண்டும். அது பழைய வழக்கம். இப்போது அதற்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. சாராய வாடை உள்ள உடம்பில் பிளேக் அண்டாதாம். கடைக்காரன் காட்டுக்கே பானை அனுப்புகிறான். நானும் ஒரு பானை வாங்கிக் குடிசை மூலையில் வைத்திருக்கிறேன். மருந்து.

சுருளியாண்டி வந்து, "ஆத்தா, ஒங்களத் தூக்கணும்னா முன்னாடியே சொல்லி வையிங்க. ஒசரமான ஆளாப் பாத்து நிறுத்துறேன், குலுங்காமப் போகலாம்" என்றான்.

"போடா எடுவட்ட பயலே. ஒன்னயத் தூக்குறதப் பாத்துட்டுத்தான்டா நான் போவேன்."

எல்லோரும் சிரித்தோம். ராஜாத்திகூட.

மார்கழி 13

ராஜாத்திக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் கட்டி.

மார்கழி 15

போய்விட்டாள்.

மார்கழி 17

எழுதத்தான் வேண்டும். முன்பக்கம் தோள் கொடுத்தவன் தவசி. கட்டினவனே தூக்குவதா என்று சுருளியாண்டி தடுத்தான். கேட்கவில்லை. ஒரு செம்பு குடித்தான், இன்னொரு செம்பு கேட்டான். நான்தான் ஊற்றினேன்.

கேதம் கேட்க ஒருவரும் வரவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? நோய் இருக்கும் குடிசை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ஊர்ப் பொம்பிளைகள் வந்து கட்டிப் பிடித்து அழுவார்கள். ஆம்பிளைகள் கையைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்கார்தல் எவ்வளவு பெரிது என்று இப்போது தெரிகிறது. நானும் மாயக்காளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். தவசி அழவில்லை.

நானும்தான் யார் குடிசைக்குப் போனேன்? ராக்கம்மாளின் மகள் செத்தபோது வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றேன். நோய்க்குப் பயந்தா, வரப்புக்காகவா?

மார்கழி 26

இப்போதெல்லாம் தூக்குகிற நாள், தூக்காத நாள் என்று கணக்கில்லை. தவசி காலையிலேயே பானையைத் திறக்கிறான். மருந்துதானே என்று நானும் பேசாமல் இருக்கிறேன்.

தை 1

பொங்கல் வைக்கவில்லை.

தை 8

ஜெய்த்தூன் பீவி கஞ்சியோடு வரப்பில் வந்து நின்றாள்.

"தவசிக்கு என்னக்கா?"

"காய்ச்சல்."

"காய்ச்சல்னா நான் இந்நேரம் ஓடியிருப்பேன். வாடை எங்க குடிசை வரைக்கும் அடிக்குது."

என் முகம் எப்படிப் போயிருக்கும்? என் மகன் குடிகாரன் என்று அடுத்த காட்டுக்காரி சொல்லி நான் கேட்பதா? "ஒங்க கஞ்சி எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள்.

"எங்க கொழுந்தன் கமால் மௌத்தானப்ப யாரும் வரலக்கா. எங்க வீட்டு ஆளு பேசுறதையே விட்டுட்டாக. நான் தெனமும் எதுத்தாப்புல ஒக்காந்து கமாலு இப்படிச் சிரிப்பான், இப்படித் திம்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மொத நாளு அடிக்க வந்தாக. ஒரு நாளு ஓன்னு அழுதாக. ஒங்க வீட்டுல அந்தப் பிள்ள பேரை யாராச்சும் சொல்றீகளா?"

போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சியை மாயக்காள் குடித்தாள்.

இல்லை. சொல்வதில்லை. சொன்னால் அவன் எழுந்து பானைக்குப் போய்விடுவானோ என்று, நான் அந்தப் பேரையே வாயில் எடுப்பதில்லை.

தை 14

இதையும் எழுதிவிட வேண்டும்.

தண்ணீர் எடுத்துவிட்டு வந்தேன். மாயக்காள் பானையண்டை சுருண்டு கிடந்தாள். வாயெல்லாம் சாராயம். கையில் செம்பு. கண் சொருகிக் கிடந்தது. அதொன்றும் புத்தியில் ஏறாமல் பிளேக் என்றே நினைத்து அலறினேன். ஜெய்த்தூன் ஓடிவந்து பிள்ளையைக் குப்புறப் போட்டு, வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். சாயந்திரம்தான் கண் திறந்தது.

"ஏன்டி குடிச்ச?"

"அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துரும்ல. இது மருந்துன்னு நீதான சொன்ன அப்பத்தா."

நான்தான் சொன்னேன். ஆமாம்.

பானையைத் தூக்கி வெளியே போட்டு உடைத்தேன். தவசி என்னை ஒரு தள்ளு தள்ளினான். வேலிக் குச்சியில் முழங்கை கிழிந்தது. மண்ணில் ஊறிய ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆத்தா, எத்தனையோ பேரத் தூக்கிட்டேன். எறக்கி வச்சா எறங்கிருது. அவ மட்டும் எறங்க மாட்டேங்குறா. இங்கனயே இருக்கா" என்று வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "குடிச்சாத்தான் மரத்துப் போகுது."

பெற்றவள் நான். உடைந்த பானைச் சில்லைப் பொறுக்கினேன்.

தை 17

வாய்க்காலைத் தாண்டினேன். ராக்கம்மாள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, படிச்ச மகராசிக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"கேதம் கேக்க வந்தேன் ராக்கு."

"எம்மக போயி பூமியில பாதி கரைஞ்சிருப்பா. இப்ப என்ன கேதம்?"

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகவில்லை. கையை விரித்தேன். சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வைத்த ஒப்பாரியில் பக்கத்துக் குடிசைக்காரர்கள் புதுச் சாவு என்று ஓடிவந்தார்கள்.

கிளம்பும்போது சொன்னேன். என் வாயால், "எம்மகன் குடிக்கிறான் ராக்கு. அழியப் பாக்குறான்" என்று.

"தெரியும்" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லட்டும்னு இருந்தோம்."

தை 21

முந்தாநாள் முதல் பொம்பிளைகள் கூட்டமாகக் குடிசை குடிசையாகப் போகிறோம். யார் வீட்டில் சாவு விழுந்ததோ அங்கே, இப்போதாவது. நோய் தணிந்துவிட்டது. இருந்தாலும் குடிசைக்குள் நுழைவதில்லை, வெட்டவெளியில் உட்கார்கிறோம். ஆம்பிளைகளையும் இழுத்து வந்து உட்கார வைக்கிறோம். போகிற இடத்தில் எல்லாம் சாராயம் மருந்தில்லை என்று சொல்கிறேன். மாயக்காளைக் காட்டிச் சொல்கிறேன். வெட்கம்தான். நம்புகிறவர்கள் பாதி.

இன்று எங்கள் குடிசை. ஜெய்த்தூனும் வந்தாள். அவள் வீட்டுக்காரர் தவசி கையைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராக்கம்மாள் ராஜாத்தி பேரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள். தவசி எழுந்து போகப் பார்த்தான். அவர் கையை விடவில்லை. உட்கார்ந்தான். அழவில்லை. ஆனால் உட்கார்ந்தான்.

சுருளியாண்டி தள்ளி நின்று தள்ளாடியபடி சிரித்தான். "எனக்கு யாரு ஆத்தா கேதம் கேக்குறது? எங்காத்தாவும் இந்த நோயிலதான போச்சு. கேக்க வாரவுகளுக்கு வெத்தல மடிச்சுக் குடுக்கக்கூட வீட்டுல பொம்பள இல்ல."

"போடா, ஒனக்கென்ன, ராசா மாதிரி திரியுற" என்றேன்.

மாசி 3

சுருளியாண்டி செத்துப் போனான். கடையிலிருந்து வந்தவன் வாய்க்காலில் முகம் குப்புற விழுந்து கிடந்தானாம். முழங்கால் தண்ணீர்கூட இல்லை. பிளேக் அவனைத் தொடவில்லை.

எல்லாக் குடிசைக்கும் போனோம். அவன் குடிசைக்குப் போகவில்லை. சிரிக்கிறவன் வீட்டில் கேதம் இல்லை என்று நினைத்துவிட்டோம். அவன் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். எனக்குக் காது இருந்தது.

தூக்குமுன் கடைக்காரன் வழக்கப்படி பானை அனுப்பினான். மற்ற இரண்டு பேரும் செம்பை எடுத்தார்கள். தவசி பானையைப் பார்த்தான். உதடு காய்ந்திருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம்.

"இவனுக்கு வேணாம்டா. இவனக் குடிக்காம, வெறும் ஒடம்போட தூக்குவோம்" என்றான்.

நாலாவது தோளுக்கு ஆளில்லை. ஜெய்த்தூன் வீட்டுக்காரர் முகைதீன் ராவுத்தர் வந்து கொடுத்தார். வழியில் தவசி வாந்தி எடுத்தான். கீழே வைக்கவில்லை. மயானத்தில் இறக்கிய பிறகுதான் மண்ணில் விழுந்து அழுதானாம். சுருளி பேரைச் சொல்லவில்லையாம். ராஜாத்தி, ராஜாத்தி என்றானாம். ராவுத்தர் வந்து சொன்னார்.

மார்கழியில் நான் சொன்ன சொல் பலித்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன், சுருளி.

மாசி 12

சுருளியாண்டி குடிசை முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தோம். கேதம் கேட்க உள்ளே யாரும் இல்லை. ராக்கம்மாள் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

மாசி 19

தவசி குடித்துவிட்டு வந்தான். விடிந்ததும் அவனே வந்து, "நேத்துக் குடிச்சேன் ஆத்தா" என்றான். "சரி, வந்து ஒக்காரு" என்றேன்.

பங்குனி 5

ஊருக்குத் திரும்பிவிட்டோம். ஓடு வேய்ந்தாகிவிட்டது, பாதி பழையது, பாதி புதியது. தவசி இன்று மாயக்காளுக்குத் தலை சீவி விட்டான். "அம்மா இப்படித்தான் எண்ணெய் வைக்கும்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே சீவினான். கை இன்னும் நடுங்குகிறது. வகிடு கோணல். அப்படியே வாசலில் விளையாடப் போனாள். ஊர் பார்க்கும்.

கூப்பிட்டுத் திருத்தவில்லை.