கிளட்சைக் கழற்றிய ஞாயிறுகள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

லேக் கார்டன்ஸ் ஃப்ளைஓவரில் கார் மறுபடியும் திணறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. கருகிய நாற்றம் வேறு.

கராஜில் காட்டினேன். பழைய வண்டி, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதாம். "ஹஸ்பெண்டை வரச்சொல்லுங்க தீதி, அவர்கிட்ட விவரமாச் சொல்றேன்" என்று அக்கா போட்டுச் சொன்னார் அங்கிருந்த பெங்காலி மெக்கானிக்.

ஓட்டுவது நான். வண்டி என் பேரில். ஹஸ்பெண்ட் என்று ஒருவன் எனக்கு இருக்கிறானா என்பதே இப்போது தெளிவில்லை. சந்தீப் ஒன்றரை வருஷமாக கார்டன் ரீச்சில், ஆபீஸ் குவார்ட்டர்ஸில். நானும் மகள் மீராவும் இங்கே. மார்ச் இருபதாம் தேதி அலிப்பூர் கோர்ட்டில் விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து. இரண்டு பேரும் சம்மதித்துத்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நானே மாற்றினால் என்ன?

5 பிப்ரவரி

ஆபீஸ் விட்டு வந்து வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் கியர்பாக்ஸை மேல்வழியாக எடு என்கிறார், இன்னொருவர் கீழ்வழியாக. மூன்றாமவர் இரண்டுமே தப்பு என்கிறார். எல்லாரும் அவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறார்கள். எப்படி முடிகிறது?

9 பிப்ரவரி, ஞாயிறு

சின்னதிலிருந்து தொடங்கலாம் என்று கேபின் ஃபில்டர். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கிறது. உருவி எடுத்தேன் – முதலில் அது ஃபில்டர் என்றே தெரியவில்லை. காய்ந்த இலை, எலி கிழித்த காகிதம், சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரித் தூசி.

"இது வழியா வந்த காத்தையா மா இத்தனை நாள் சுவாசிச்சோம்?" என்றாள் மீரா.

ஞாயிறுகளில் அப்பாவிடம் கொண்டுவிடப் போகும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருவாள். கண்ணும் சிவந்திருக்கும். அழுகிறாள் என்று நினைத்து நானும் ஒன்றும் கேட்காமல் ஓட்டுவேன். தூசிதானா? கேட்டேன். தோளைக் குலுக்கினாள். எது தூசி, எது அழுகை?

12 பிப்ரவரி

மீரா சொல்லியிருக்கிறாள். சந்தீப் ஃபோன்.

"ஒத்தையா கியர்பாக்ஸை இறக்காதே வித்யா, மேலே விழுந்துடும். ஞாயித்துக்கிழமை வரேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது.

16 பிப்ரவரி, ஞாயிறு

நாள் முழுக்க பார்க்கிங்கில், காருக்கடியில். பேட்டரி, ஆக்ஸில், ஒவ்வொரு போல்ட்டாக. கியர்பாக்ஸ் கீழே இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "மெதுவா" என்று கத்தினோம். சிரித்துவிட்டோம். கீழ்வீட்டு பௌதி – பெங்காலியில் அண்ணி – டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புதுசாகக் கல்யாணமானவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புது பிளேட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "கியர்பாக்ஸ் பக்கம்னு இதுலே எழுதியிருக்கு, பாரு."

"தெரியும், தெரியும்" என்று அவன் மாட்டினான்.

ஒரு சண்டை இல்லை. பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு முழு நாள் எப்போது இருந்தது? இருட்டிவிட்டது. மீதியை மாட்ட அடுத்த ஞாயிறு வருகிறானாம்.

17 பிப்ரவரி

கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

23 பிப்ரவரி, ஞாயிறு

எல்லாம் மாட்டியாயிற்று. எஞ்சினை அணைத்தால் கியர் விழுகிறது. ஓடும்போது விழவே இல்லை, கரகரவென்று அரைக்கிறது. கேபிளை இறுக்கினோம், தளர்த்தினோம். ஒன்றும் புரியவில்லை. சந்தீப் முகம் கறுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஸ்பானர்களைச் சத்தமில்லாமல் அடுக்க ஆரம்பித்தேன். பழைய பழக்கம்.

2 மார்ச், ஞாயிறு

மறுபடி எல்லாவற்றையும் இறக்கினோம். பிளேட் தலைகீழாக மாட்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பௌதியும் அவள் கணவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தீப் அவர்களிடம் பெங்காலியில், சிரித்துக்கொண்டே, "இவதான் தலைகீழா எடுத்துக் குடுத்துட்டா" என்றான்.

நான் சொன்னேனே. எழுதியிருக்கு பாருன்னு சொன்னேனே! சொன்னேனா? சொல்லவேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேனா? பதினாறாம் தேதி எழுதியதைப் புரட்டக்கூடத் தோன்றவில்லை. நான்தான் தப்பாகக் கொடுத்திருப்பேன் என்று அங்கேயே நின்று நம்பிவிட்டேன். "சாரி" என்றுகூடச் சொன்னேன். மீரா என்னைப் பார்த்தாள்.

சரியாக மாட்டினோம். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

6 மார்ச்

சந்தீப் ஃபோன்.

"பிளேட்டை நான்தான் திருப்பி மாட்டினேன். நீ சொன்னே. நான் பார்க்கல்லே."

"அது அன்னிக்கே தெரியுமா?"

"கழட்டினதுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் என் மேலே போட்டே?"

"வாய்லே வந்துடுத்து வித்யா. ஏன்னு எனக்கே தெரியல்லே." அப்புறம்: "கோர்ட் தேதியைத் தள்ளிப்போடலாமா?"

இப்படி ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! வந்தபோது அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏன் இப்போது? இப்போது போய் ஏன்?

14 மார்ச், தோல் ஜாத்ரா – இங்கத்து ஹோலி

தெருவெல்லாம் கலர். மீராவின் காதுக்குள் பச்சை.

ஒரு வாரமாக யோசித்தும் குழம்பியபடியேதான் இருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. சேர்ந்து வேலை செய்ய அவனைப் போல் ஆள் கிடையாது. இன்னொரு தடவை முயன்றால்? மன்னித்துவிட்டேன், அதில் கஷ்டம் இல்லை. அவன் சொன்ன பொய்கூடப் பெரிசில்லை. அதை நான் நம்பினேனே – ஒரு நொடியில், என் கண்ணையும் காதையும் விட்டுவிட்டு. அது அவனால் மட்டும்தானா என்பதும் தெரியவில்லை. அவன் பக்கத்தில் இருந்தால் எனக்கு என்னைத் தெரியாமல் போகிறது. இது மட்டும் தெரிகிறது.

சாயங்காலம் ஃபோன் செய்தேன். "தேதி அப்படியே இருக்கட்டும் சந்தீப்."

"சரி" என்றான்.

20 மார்ச்

கையெழுத்துப் போட்டாயிற்று. வெளியே அவன் டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தான். "ஏறு" என்றேன். வழி முழுக்க, எப்படி ஓட்டவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என்னவோ போல் இருந்தது. இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினான்.

வீட்டுக்கு வந்து, குளிக்காமல் சாப்பிடாமல் தூங்கினேன்.

23 மார்ச், ஞாயிறு

மீராவை கார்டன் ரீச்சில் விட்டேன். சந்தீப் வாசலுக்கு வந்தான். "மேலே வந்து காபி குடிச்சுட்டுப் போயேன்."

"இன்னொரு நாள்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

திரும்பும் வழியில் பிரின்ஸெப் படித்துறையில் வண்டியை நிறுத்தி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய பொட்டலம் ஜால்முரிப் பொரி தின்றேன். நல்ல காரம். யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.