திறக்காத தேக்குப் பெட்டி

செவ்வாய், இரவு பதினொன்றரை

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. மத்தியானம் என் மாமனாரின் சின்ன மரப்பெட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா நேவியில் சேர்ந்து முதன்முதலில் ஏறியது வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல்; பின்னால் அதை உடைத்தபோது, அதன் தேக்குப் பலகையில் செய்து வாங்கிய பெட்டி அது. என்னென்ன கிருமியோ என்று பயந்து, திறந்துகூடப் பார்க்காமல் வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டேன். மரம் உப்பி, மூடி இறுகிவிட்டது.

அழாத குறையாகச் சொன்னேன். மாமா சிரித்தார்.

"ஏளா, முப்பது வருஷம் கடல்ல கெடந்த மரம். ஒன் ஒரு வாளித் தண்ணிக்கா பயப்படப் போவுது?"

"உள்ள அத்தையோட ஜெபமாலை இருக்கே, மாமா?"

"அது எங்க போவுது? காயட்டும், தானா தொறக்கும்."

அத்தை இறந்ததிலிருந்து அந்த மாலை இல்லாமல் அவர் ஜெபம் சொன்னதில்லை. இன்று ஏழு மணிக்கு விரல்விட்டு எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பெட்டியை ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது போய் இழுத்துப் பார்த்தேன். மூடி அசையவில்லை. பக்கத்தில் மாமாவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. எனக்கு முன்னால் அவரும் வந்து பார்த்திருக்கிறார்.