நீ முதலில் சொன்னது நுஸ்றத்திடம்

இன்று பின்னேரம் நுஸ்றத் வந்துவிட்டுப் போனாள். அவள் கொண்டுவந்த மஸ்கட் இனிப்புப் பொதி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. சுற்றிய பேப்பரில் நெய் ஊறி, பின்பக்க எழுத்தும் முன்பக்கம் தெரிகிறது. அறை முழுக்க அந்த வாசம். ஜன்னலைத் திறந்தால் வாவிக் காற்று வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். திறக்காமல் இருக்கிறேன்.

உனக்கு ஒப்பரேஷன் முடிந்து நல்ல சேதி வந்த பிறகு, கொக்கட்டிச்சோலையில் நீங்கள் புக்கை பொங்கிய நாளிலும் உங்கள் வீட்டில் இதே நெய் வாசம் இருந்தது. அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கொண்டுவந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

எனக்கு நுஸ்றத்தில் எப்போதும் எரிச்சல். இதை நான் உன்னிடம் வாய் திறந்து சொன்னதில்லை. உனக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

பல்கலைக்கழக வளாக விடுதிக்கு வந்த முதல் கிழமை நான் யாருடனும் பேசவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வாவியில் வலை வீசுகிற மனிதரின் மகள், மற்றவர்கள் எப்படி முள்ளுக்கரண்டி பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பாள். நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாய். "எல்லாற்ற வாயையும் பாத்துக்கொண்டு இரிக்கியே, உனக்கு அதுல வயிறு நிறையுமா கா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். உனக்கோ அந்த விறாந்தை முழுக்கச் சிநேகிதிகள். அதிலும் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி நுஸ்றத். அவள் ஏதாவது சொல்ல, நீ தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு குலுங்குவாய். நான் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிப்பேன்.

மூன்றாம் வருடம் உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போனாய். அங்கே குடுக்கை கூறுவார்கள். ஊரிலுள்ள குடிகளின் பெயர்களை முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக உரக்கச் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை கொடுப்பார்கள். எந்தக் குடி முந்தி, எந்தக் குடி பிந்தி என்பதில் பெரியவர்கள் கண்ணைச் சிமிட்டாமல் நிற்பார்கள். நான் உன் காதுக்குள், "எங்கட குடிய எப்ப கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"உன்ட ஊரு அமிர்தகழி. இஞ்ச ஏன் உன்னக் கூப்பிடப் போறாங்க?"

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. நீ சிரித்துச் சிரித்து அந்தச் சனத்துக்குள் குந்திவிட்டாய். அதோடு எனக்குப் பட்டம் வைத்தாய். குடுக்கை. நீ ஒரு சினிமாக் கதையை எனக்கு முதல் நுஸ்றத்துக்குச் சொன்னாலும் நான் பேசாமல் இருப்பேன் என்பதை நீ அதற்கு முதலே கவனித்திருக்கிறாய். "குடுக்கைக்கு வரிசை பிழைச்சுப் போச்சு" என்பாய்.

ஆனால் கெட்ட சேதி எனக்குத்தான் முதலில் வந்தது. வளாகம் முடிந்து நீ தற்காலிக ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாய். நான் நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருந்தேன். நுஸ்றத் கல்யாணம் முடித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பாவின் வலைகள் குவித்திருந்த அறைக்குள் என்னை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாய். என் கையைப் பிடித்து உன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாய்.

"பயறு மாதிரி ஒண்டு உருளுதா?"

பயறைவிடப் பெரிது. "ஒண்டுமில்ல" என்றேன். "ஒண்டுமில்லாட்டி ஏன் கை இப்பிடிக் குளிருது?" என்றாய்.

இப்போது வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பயந்த அதே நேரத்தில் எனக்குள்ளே ஒரு சின்னப் பெருமை எழும்பியது. "நுஸ்றத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். நீ தலையாட்டி இல்லை என்றாய். அன்று பஸ் தரிப்பிடம் வரை உன்னோடு நடந்தபோது, நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் உன் கட்டிலருகே நான் இருந்தேன். உன் காயத்திலிருந்து வந்த குழாயின் போத்தலை, நீ எழும்பி நடக்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். மூன்றாம் நாள் நுஸ்றத் கஞ்சியோடு வந்தாள். வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. தன் மாமியார் பூனையை ஆட்டுக்குட்டி என்று நினைத்து வெளியே கட்டப்போன கதையைச் சொன்னாள். நீ காயத்தைப் பொத்திக்கொண்டு, "சொல்லாத கா, தையல் இழுக்குது, சொல்லாத" என்று கண்ணீர் வரச் சிரித்தாய். மூன்று நாளாக நான் உன்னை ஒரு தரமும் சிரிக்க வைக்கவில்லை. போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெட்டி எடுத்ததைச் சோதித்த ரிப்போட் வரக் கிழமைக்கணக்கில் எடுத்தது. அது வந்த நாள் காலை பத்தரை மணி இருக்கும். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நுஸ்றத்.

"அல்ஹம்துலில்லாஹ். ஒண்டும் பரவல்லயாம் புள்ள. இப்பதான் வொய்ஸ் போட்டவள். கேட்டியா நீ?"

நான் கேட்கவில்லை. எனக்கு எதுவும் வந்திருக்கவில்லை. அந்த நேரம் நான் அழுதிருக்கலாம். கடவுளே என்று கையெடுத்திருக்கலாம். மீன் செதிள் ஒட்டிய கையால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம். எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

"அப்ப சரி" என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்த நாள் முழுக்க உன் அழைப்புக்காகப் பார்த்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாள், "வெள்ளிக்கிழமை கோயிலில புக்கை, வீட்ட வா" என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தாய்.

வெள்ளிக்கிழமை வந்தேன். கோயிலில் பொங்கிய பிறகு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தீர்கள். நுஸ்றத் மஸ்கட் வெட்டி வருகிறவர்கள் கையிலெல்லாம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் நீட்டினாள். "பல்லு நோகுது" என்றேன். நீ என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாய்.

"உனக்கு ஆரு சொன்ன?"

"உங்கட அம்மா" என்றேன்.

"அம்மாக்கு நானே பின்னேரம்தான் சொன்னன்" என்றாய்.

வாளியில் விழுந்து கிடந்த மாவிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நுஸ்றத்துக்கு முதல்ல சொன்னது ஏன் தெரியுமா? எனக்கு அண்டைக்குச் சிரிக்க வேணும் போல இருந்த. நீயெண்டா அழுவாய். உன்னக் கண்டா நானும் அழுவன். உனக்கு நேரில வந்து சொல்லுவம், ரெண்டு பேரும் வடிவா இருந்து அழுவம் எண்டு உன்ட ஊர் பஸ்ஸுக்குத்தான் நிண்டன். அதுக்குள்ள அவள் எடுத்து, உனக்கு முதலே தெரியுமாம் எண்டாள். ஆரோ சொல்லிட்டாங்க எண்டு கிறுகி வீட்ட வந்திட்டன்."

அப்புறம் என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். "குடுக்க. வரிசை வரிசை எண்டு நிண்டு உனக்கு வந்த பங்கையும் விட்டுட்டியே."

நான் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. உனக்கு ஆட்களின் மனதை நோகாமல் வைக்கத் தெரியும். என்னை மறந்துபோயிருந்திருக்கிறாய், அதை மறைக்க அந்த இடத்தில் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ போன பிறகும் அப்படித்தான் நினைத்தேன். இன்று பின்னேரம் வரை.

ஒன்றரை வருடம் கழித்து நீ உண்மையிலேயே அந்த பஸ்ஸில் வந்தாய். நான் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். அதே அறை, அதே வலைகள். இந்த முறை என் கையை எங்கும் வைக்கவில்லை. "ஈரல்ல இரிக்காம்" என்றாய். பிறகு, "நுஸ்றத்துக்குச் சொல்லிராத. அவள் வயித்துல புள்ளயோட இரிக்கிறாள்" என்றாய்.

மூன்று மாதம் நான் அதைக் காப்பாற்றினேன். நீ வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டு, முகம் கழுவி, எங்கள் வாசலில் நின்றே நுஸ்றத்துக்குக் குரல் செய்தி அனுப்புவாய். அதில் உன் குரல் சிரிக்கும். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அப்போதும் எனக்கு எரிந்தது. எனக்கு ஈரத் துவாய், அவளுக்கு அந்தக் குரல்.

உன் செத்தவீட்டுக்கு நுஸ்றத் நிறைமாத வயிற்றோடு வந்தாள். பந்தலுக்கு வெளியே என்னைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம். எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பழைய வாக்கியம் என்று விளங்கியது. முதல் தரம் பொய்யாகச் சொன்னது. இந்த முறை உண்மை. அதற்குப் பிறகு நுஸ்றத் என்னோடு பேசவில்லை. இன்றைக்குத்தான் வந்தாள், இடுப்பில் மகளோடு.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தன். அப்பிடியே வந்திட்டன்" என்றாள். அமிர்தகழியில் அவளுக்கு என்ன வேலை. பிள்ளையை இறக்கி விட்டாள். அது தவழ்ந்துபோய் என் கந்தோர் அடையாள அட்டையின் நாடாவை எடுத்துச் சப்பத் தொடங்கியது.

"கட்டாருக்குப் போறன் புள்ள. அவர் விசா எடுத்திட்டார்."

"எப்ப?"

"வாற கிழம." பிள்ளையின் வாயிலிருந்து நாடாவை இழுத்தெடுத்தாள். "உன்னோட கோவம் எண்டு நினைச்சிரிப்பாய். கோவமில்ல. எரிச்சல். மூணு மாசம் உனக்கிட்ட வந்து அழுதிரிக்கிறாள். எனக்கிட்ட பல்லக் காட்டிக்கொண்டு இருந்திரிக்கிறாள். நான் என்ன, விசர்க் கதை சொல்றதுக்கு மட்டுமா?"

"எனக்கிட்ட அவள் ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் குந்திச் சிரித்திருப்பாய். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வெட்டிய கையோடு சொன்ன பொய்யை, கிணற்றடியை, நீ நின்றதாகச் சொன்ன பஸ்ஸை.

நுஸ்றத்தின் முகம் மாறியது. "அப்ப நான் எடுத்துச் சொன்னதாலயா அவள் கிறுகினாள்?"

"உன்னால இல்ல. என்னால."

"குடுக்க" என்றாள் அவள். நீ போன பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அந்த வொய்ஸ் கிடக்கு. அழிக்கல்ல. கேக்கிறியா?" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அம்மாவோடு கதைக்கத் தொடங்கினாள். நான் சொல்லாமலே என்னைத் தனியே விட்டாள். எனக்கு அவளில் கொஞ்சம் அன்பு வந்ததென்றால் அந்த நேரத்தில்தான்.

போனைக் காதோடு வைத்தேன்.

"நுஸ்றத்து, நுஸ்றத்து, ஒண்டும் இல்லையாம் கா. பரவல்லயாம். டொக்டர் சிரிச்சிக்கொண்டு சொன்னவர். நான் அவருக்கிட்ட என்னத்தக் கேட்டன் தெரியுமா? இனி மாம்பழம் சாப்பிடலாமா எண்டு. மாம்பழம் சாப்பிடாத எண்டு ஒருத்தரும் சொல்லவே இல்ல கா." அதன் பிறகு வெறும் சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரிக்கிறாய். எனக்குக் கிடைக்காத குரல் அது. கேட்கக் கேட்க நெஞ்சு எரிந்தது. முதலில் இருப்பது அவள் பெயர், இரண்டு தரம்.

இரண்டாம் தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் உன் சிரிப்புக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. கொண்டக்டர். உன் சிரிப்பு ஓயும் இடத்தில் அவன் கிட்ட வருகிறான்.

"அமிர்தகழி, பாலமீன்மடு. ஏறு ஏறு. அமிர்தகழி."

"சத்தமாக் கிடக்கு, மறுகா எடுக்கிறன்" என்கிறாய். அதோடு முடிகிறது.

நீ நின்றிருக்கிறாய். என் ஊர்ப் பெயரைக் கூப்பிடும் பஸ்ஸுக்குப் பக்கத்தில், மருந்து வாசம் போகாத சட்டையோடு, எனக்கு மட்டும் என்று எடுத்து வைத்த சேதியோடு. ஏறியிருந்தால் அரை மணித்தியாலத்தில் எங்கள் வாசலில் இறங்கியிருப்பாய். நான் மீன் கையோடு ஓடிவந்திருப்பேன்.

நுஸ்றத் வந்து போனை வாங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குரலை எனக்கும் அனுப்பிவிட்டாள். போகும்போது, "அதுல மாம்பழக் கதைதான் எனக்கு விருப்பம். எத்தின தரம் கேட்டிரிப்பன்" என்றாள். அவ்வளவு தரம் கேட்டும் அவளுக்கு அந்தக் கொண்டக்டர் கேட்கவில்லை. அவளுக்கு அது பஸ் சத்தம்.

நான் சொல்லவில்லை. கட்டாருக்குப் போகிறவளுக்குச் சொல்லியிருக்கலாம், அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். நீ என்னவும் நினைத்துக்கொள். மாம்பழமும் சிரிப்பும் அவளுக்கு. அதன் கடைசியில் கூப்பிடுகிற என் ஊர்ப் பெயரை நான் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன்.

மஸ்கட்டில் ஒரு துண்டு சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கிறது.