அரிதாரம் இல்லாத முகம்

சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் கூத்து வாத்தியார் துளசிங்கம் அண்ணனுக்கு, பழவேற்காட்டிலிருந்து மத்தளக்காரன் பொன்னுரங்கம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

உங்கள் தம்பி சிங்காரம் இன்னும் உயிரோடு இருக்கிறான். இதைச் சொன்னது அவன் பெண்சாதி ரங்கம்மாள். இன்று காலை ஒல்லாந்தர் கோட்டைச் சமையற்கட்டுக்கு நண்டு கொண்டுபோனவள், கப்பலேற்ற அடைத்துவைத்திருக்கும் ஆட்களின் நடுவே அவனைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். தலையை மழித்திருக்கிறார்கள். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. எழுந்து நடக்கிறான். அதற்கு மேல் அவளை அங்கே நிற்க விடவில்லை. அவன் வாய் திறக்கவில்லை, கையால் ஒரு சைகை மட்டும் செய்தான். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அவன் பிடிபட்ட அன்று நான் நம் ஊர் காட்டூரில் காய்ச்சலில் கிடந்தேன். அதனால் படகுத்துறையில் இருந்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, எல்லாரும் ஒத்துச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் வேஷப்பெட்டியோடு புறப்பட்ட பிறகு மழை அடியோடு பொய்த்துவிட்டது. கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க எந்த ஊரிலும் ஆள் இல்லை. சிங்காரம் தனியாளாய் ஏரிக்கரைக் குப்பங்களில் பகல் வேஷம் கட்டினான். தேங்காய் ஓட்டில் ஒட்டியிருந்த மிச்ச அரிதாரத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிக்கொள்வான். ஆள் பிடித்து விற்கும் தரகன் மாணிக்கத்தைப் போலத் தொந்தியைத் தள்ளி நடந்து காட்டுவான். மறு நொடியே கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு, பிடிபட்டவனாகிக் கதறுவான். பட்டினி கிடந்தவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இது மாணிக்கத்தின் காதுக்கும் போனது.

அன்று உச்சிவேளையில் பூச்சோடு துறைக்கு வந்துகொண்டிருந்தவனை மாணிக்கத்தின் ஆட்கள் மடக்கினார்கள். கழுத்தில் நிஜக் கயிறு. துறை முழுக்க ஜனம். அவன், "ஐயா, இது கூத்து இல்ல, நெஜமாவே புடிச்சிகினு போறானுங்க"னு கத்தியிருக்கிறான். ராத்திரிக் கூத்துக்குப் பகலிலேயே கோமாளி வந்து ஊருக்குச் சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம் அல்லவா? எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். "இன்னா சிங்காரம், புது ஆளுங்களையும் சேர்த்துகினியா? கூத்து எங்க, துறையாண்டயா?"னு ஒருவர் கேட்டாராம். துறையில் மீன் விற்கும் முத்தம்மாள் பக்கத்தில் நின்றவளிடம், "பாருடி, கண்ணுல தண்ணி கூட வரவழைக்கிறான்"னு சொல்லியிருக்கிறாள். அவன் வலைக்காரர் சின்னதம்பியின் காலைக் கட்டிக்கொண்டான். சின்னதம்பி சிரித்துக்கொண்டே ஒரு கருவாட்டை எடுத்து அவன் இடுப்பில் செருகி அனுப்பினார்.

பொழுது சாய்ந்ததும் பெண்கள் பாய் கொண்டுவந்து துறை மணலில் விரித்து உட்கார்ந்தார்கள். பசி மறக்க ஒரு கூத்து கிடைத்ததே என்று காத்திருந்தார்கள். மத்தளச் சத்தமே இல்லை. முதலில் எழுந்தது சின்னதம்பிதான். அவர் கோட்டைப் பக்கம் ஓடினார். அதற்குள் வாசலை அடைத்துவிட்டார்கள்.

மாணிக்கம் அவன் முகத்தை ஏரித் தண்ணீரில் கழுவிவிட்டு, காத்தான் என்று வேறு பெயர் கொடுத்து, வடக்கிலிருந்து வந்த அநாதை, தானியத்துக்குத் தன்னையே விற்றுக்கொண்டவன் என்று சொல்லிக் கோட்டையில் விற்றிருக்கிறான். நானும் ரங்கம்மாளும் போய் மறுத்தோம். உறவுக்காரர் சொல்வதும், அவனோடு ஒரே கூத்துக் குழுவில், ஒரே மேளத்தில் பிழைத்தவன் சொல்வதும் செல்லாது, வெளியாள் இரண்டு பேர் அடையாளம் காட்டட்டும் என்று ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சொன்னார். சிங்காரமே அவர் காலில் விழுந்து அழுதிருக்கிறான். கூத்தாடிதான் என்றால் இந்த அழுகையை நான் எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்டாராம்.

காட்டூரில் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் உங்களுக்கு உறவு. மற்றவர்கள் பஞ்சத்தில் எங்கெங்கோ போய்விட்டார்கள். அதனால் சின்னதம்பியையும் முத்தம்மாளையும் அழைத்துப்போனேன். மொட்டைத் தலைகளோடு ஒரு வரிசை ஆட்களை நிறுத்தினார்கள். இருவரும் அந்த வரிசையை இரண்டு தடவை நடந்து பார்த்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் வாயைத் திறந்தால் அடி என்று உத்தரவு. சின்னதம்பி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். முத்தம்மாள் வேறொருவனைக் கை காட்டினாள். சிங்காரம் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வந்து முத்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "பூச்சு இல்லாத அந்த மூஞ்ச நான் இன்னைக்கி வரைக்கும் பார்த்ததே இல்லியே நைனா, நான் இன்னா பண்ணுவேன்"னு அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருட்டிய பிறகு போய், மறைப்புக்குள் பூசி, விடிவதற்குள் வண்டி ஏறுகிறவர்கள் நாம். ஆரம்பாக்கத்தில் அவன் கிழவி வேஷத்தில் இறங்கியபோது பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்து வெற்றிலை மடித்துத் தந்தார்கள். அதே இரவில் அரக்கனாக வந்து அவர்கள் பிள்ளைகளை அலற வைத்தான். இரண்டும் ஒரே ஆள் என்று அவர்களுக்கு இன்றைக்கும் தெரியாது. மருத்துவச்சி, குருடன், சேவகன், தோழிப்பெண் எல்லாம் அவனே. அவன் கட்டாதது ராஜா வேஷம் ஒன்றுதான்; அது எப்போதும் உங்களுடையது.

நீங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று, ஒரு தடவை கிரீடத்தைக் கொடு என்று அவன் கேட்டதும், "உனக்கு எல்லா மூஞ்சியும் இருக்கு, ராஜா மூஞ்சி மட்டும் இல்ல"னு நீங்கள் சொன்னதும் எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்வாகப் பேசியதில்லை. இதையும் நான் எழுத வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றே. வேஷம் கட்டி நிறுத்தினால் எத்தனை பேர் நடுவிலும் காட்டுவேன் என்கிறாள் முத்தம்மாள். துபாஷி முதலில் சிரித்தார், பிறகு சம்மதித்தார். கட்டிப் பூசி நிற்க இங்கே ஒன்றும் இல்லை. தேங்காய் ஓட்டில் இருந்ததும் அன்றோடு தீர்ந்தது. அரிதாரம், புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் உங்களிடம் இருக்கும் பெட்டியில்தான். இந்த ஓலையைக் கொண்டுவரும் உப்புப் படகுக்காரர் சடையன் உங்களுக்காகக் காத்திருப்பார். அதே படகில் ஏறி வந்துவிடுங்கள்.

சிங்காரம் செய்த சைகை இது. ரங்கம்மாளைக் கண்டதும் வலது கையைக் காதோடு சேர்த்து, கழுத்தை நிமிர்த்தி நின்றிருக்கிறான். கட்டியக்காரன் திரைக்கு முன்னால் நின்று, ராஜா வருகிறார் பராக் என்று சொல்லப்போகும் அதே நிலை. அத்தனை மொட்டைத் தலைகளின் நடுவே, அந்த நிலையை வைத்துத்தான் அவளே அவனைத் தெரிந்துகொண்டாள்.

மறுபடி சாட்சி கேட்பது அமாவாசைக்கு முந்தின நாள். அமாவாசை கழிந்து காற்று திரும்பியதும் கப்பல் பாய் விரிக்கும் என்று தோணிக்காரர்கள் சொல்கிறார்கள்.

கட்டியம் சொல்லியாகிவிட்டது அண்ணே. நம் மேளத்தில் கட்டியம் சொன்ன பிறகு ராஜா திரையை விலக்கி வராமல் இருந்ததே இல்லை.

உங்கள் காலில் விழுந்து,
பொன்னுரங்கம்